வாய் வைக்காத சமையல்

அந்தச் சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். முதலாளிக்குக் கூடப்பிறந்த அக்கா. மற்றவர்களுக்குக் கூப்பிட்டுப் பழகிய அக்கா. அங்கே பரிமாறுகிறவர் அவளைவிட நாலு வயது மூத்தவர். அடுக்களையிலிருந்து மேசைக்கு ஒரு தட்டைக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் சாப்பிட வந்தவருக்கு இன்னொரு முறை பசித்துவிடும். அதனால் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர். அந்த எக்ஸ்பிரஸும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வாசலில் ஒரு போர்டு. "இந்தியச் சைவச் சாப்பாடு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், "ருசி பார்க்காமல் சமைத்து, சாமிக்குப் படைத்த பிறகே பரிமாறப்படும்" என்று இருக்கும். கூட்டம் வந்ததெல்லாம் அந்தச் சின்ன எழுத்துக்காகத்தான்.

வெளியே சாப்பிடப் போகிற சைவக்காரர்கள் படுகிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும். பல கடைகளில் பச்சை இலைப் படம் போட்டுச் சைவம் என்று எழுதியிருப்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்து கேட்டால், "மீன் மட்டும் சாப்பிடுவீங்கல்ல?" என்பார்கள். இல்லை என்றால் அதே சட்டியைத் துடைத்துவிட்டு அதிலேயே காயை வதக்கிக் கொண்டுவருவார்கள். அந்தக் கரண்டியைக் கழுவினார்களோ இல்லையோ என்று நினைக்கும்போதே பாதிச் சோறு தொண்டையில் நின்றுவிடும். அப்படி அடிபட்டு வந்தவர்கள் இந்த போர்டைப் படித்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். கழற்றுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. பிறந்த நாளுக்கு வருவார்கள். பிள்ளை பரீட்சையில் பாசானால் வருவார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியை விட்டுவிட்டு, இரண்டு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று கலங்கின கண்ணோடு வருவார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

"நாக்குல ஒரு சொட்டுக்கூடப் படாம உப்பு எப்படிம்மா இவ்வளவு கச்சிதமா நிக்குது?"

"எனக்கென்ன தெரியும்? அவர் பாத்துக்கறார்," என்று அக்கா சாமி படத்தைக் காட்டுவாள்.

பேச்சுக்குச் சொன்னதில்லை. மனதார அப்படித்தான் நம்பினாள். சமைக்கும்போது முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். மூக்கால் முகர்வதும் ருசி பார்ப்பதில் சேர்த்திதான் என்பாள். மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நிற்பாள். குழம்பின் நுரை எப்படி அடங்குகிறது, கொதிக்கிற சத்தம் எப்போது கனக்கிறது என்று கண்ணாலும் காதாலும் பார்த்தே சமைப்பாள். உப்பை உள்ளங்கையில் அள்ளி, உதட்டுக்குள் ஒரு வார்த்தை சொல்லிப் போடுவாள்.

வேறு எதுவும் அவளுக்கு வாய்க்கவில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் வேலை தேடிப் போன புருஷன், வேலையோடு இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டார். குழந்தை குட்டி இல்லை. ஒரு பெட்டியும் சாமி படமுமாகத் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தம்பி அப்போது இரண்டு தடவை கடை வைத்து இரண்டு தடவையும் கையைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வீட்ல சாமிக்குச் சமைக்கற மாதிரியே கடையிலயும் சமைக்கறேன். ஆனா வாய் வைக்க மாட்டேன். சம்மதமா சொல்லு," என்றாள்.

தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு போர்டு எழுதக் கொடுத்தான். இருபது வருஷம் ஓடிவிட்டது. சாமான் அறைக்கு மேலே இருந்த சின்ன அறை அக்காவின் அறையாயிற்று. ராத்திரி படுக்கப் போகுமுன், "சாமி, எனக்கு நீ வேற ஒண்ணும் குடுக்கல. இது ஒண்ணு குடுத்தே. இது போதும்," என்று கும்பிட்டுவிட்டுப் படுப்பாள். அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது என்று சொன்னால் பாவம் இல்லை. எல்லோருக்கும் ஏதாவது ஒன்றில் கர்வம் வேண்டியிருக்கிறது.

காலை ஆறு மணிக்கு அடுப்பு எரியும். பத்தே காலுக்குள் குழம்பு, கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் இறங்கி மேடையில் வரிசையாக மூடியிருக்கும். அக்கா பின்பக்கம் போய் இரண்டாம் தடவை குளித்து, துவைத்த புடவை மாற்றிக்கொண்டு வருவாள். அதற்கு இருபது நிமிஷம் ஆகும். வந்து ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்துப் படைப்பாள். மணி அடிப்பாள். பதினோரு மணிக்குக் கடைக்கதவு திறக்கும். இருபது வருஷத்தில் இந்தக் கணக்கு மாறவில்லை.

இந்த வருஷம் தம்பியின் மகளுக்குத் தலைப்பிரசவம். மகள் இருப்பது வேறு ஊர். கல்லாவில் உட்காருகிற தம்பி பெண்டாட்டி நாற்பது நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று பெட்டி கட்டினாள். போகும்போது அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம் தெரிந்தது. பிள்ளை பெறுகிற மகளைப் பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அவள் போன மூன்றாம் நாள் எக்ஸ்பிரஸ் ஒரு தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். வழக்கத்துக்கு மாறாக வேகமாக வந்தார்.

"அக்கா, கூட்டுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்காம். தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க சொன்னாங்க."

"தூக்கலா?"

"கொஞ்சம்தான். தண்ணி நாலு டம்ளர் குடிச்சாங்க."

மறுநாள் குழம்பு சப்பென்று இருந்தது. அதற்கு மறுநாள் பாயசம் தித்திப்பே இல்லை. ஒருநாள் நன்றாக இருக்கும், இரண்டு நாள் காலை வாரும். இருபது வருஷமாகச் சாப்பிட வருகிற கண்ணாடிக் கடைக்காரர், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

அக்கா நடுங்கிப்போனாள். முதலில் உப்புப் பாக்கெட்டைச் சந்தேகப்பட்டாள். வேறு உப்பு வாங்கி வரச் சொன்னாள். பிறகு கண்ணைச் சந்தேகப்பட்டாள். நுரை சரியாகத் தெரியவில்லையோ என்று கண் டாக்டரிடம் போனாள்.

"எதுக்கும்மா வந்தீங்க? எழுத்து மங்கலாத் தெரியுதா?"

"குழம்போட நுரை மங்கலாத் தெரியுது டாக்டர்."

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். உங்கள் வயசுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

அப்புறம் தன்னையே சந்தேகப்பட்டாள். எங்கே தப்பு செய்தேன்? யாரை ஏசினேன்? படையலுக்கு முன் ஏதாவது நினைத்துவிட்டேனா? காலைக் காப்பியை விட்டாள். வாரத்தில் இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். மண்டி போட்டு அழுதாள். சாமி எல்லாவற்றையும் பார்க்கிறார் என்பது சத்தியம். பார்க்கிறவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார் என்பதும் சத்தியம். அதுதான் மனுஷருக்குக் கஷ்டம்.

அடுக்களையில் காய் நறுக்குகிறவள் ஒருத்தி. அவள் பேச்சு ஓயாது, அதனால் ரேடியோ என்று பேர். ஒருநாள் அவள் கத்தியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நான் நக்கிப் பாத்துச் சொல்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"வாயக் கழுவு! சாமிக்கு வைக்கறத நீ நக்கிப் பாப்பியா? இருபது வருஷமா எச்சில் படாத பாத்திரம்டீ இது."

ரேடியோ எதுவும் பேசாமல் போய் வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள். திட்டினால் பத்துப் பேச்சு பேசுகிறவள் அன்றைக்குக் கம்மென்று இருந்தது அக்காவுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

தம்பியோ தினமும் பெண்டாட்டிக்குப் போன் செய்துகொண்டிருந்தான். "எப்ப வரே? இன்னும் எத்தனை நாள்? கொஞ்சம் முன்னாடி வர முடியாதா?" என்று கெஞ்சுவது அடுக்களை வரை கேட்டது.

"தாத்தா ஆகற வயசுல உங்க தம்பிக்குப் பெண்டாட்டி ஏக்கம் பாருங்க," என்றார் எக்ஸ்பிரஸ். அக்காகூட அந்தக் கவலையிலும் சிரித்தாள். ரேடியோ சிரிக்கவில்லை.

முப்பதாம் நாள் மத்தியானம் மேசைகள் பாதிக்குமேல் காலியாக இருந்தன. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"தம்பி, போர்டை எறக்கிடு."

"என்னக்கா?"

"என் கை போயிடுச்சு. சாமி எனக்குக் குடுத்தத எடுத்துக்கிட்டார். வாய் வைக்காம இனி எனக்குச் சமைக்க வராது. வர்றவங்கள ஏமாத்தக் கூடாது. வேற சமையக்காரங்கள வச்சுக்கோ. நான் மேசை தொடைக்கறேன், பாத்திரம் கழுவறேன்."

தம்பி அவளை உட்காரச் சொன்னான். விசிறியின் பக்கம் பார்த்தான். நெற்றியைத் தேய்த்தான்.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலக்கா. அவ ஊர்ல இல்ல. அதான்."

"அவ ஊர்ல இல்லாட்டி என் குழம்புக்கு என்ன?"

"பத்து நாள் பொறுத்துக்குங்க. அவ வந்ததும் எல்லாம் பழையபடி ஆயிடும்."

"அவ வந்தா எப்படிடா ஆகும்?"

தம்பியின் பார்வை அடுக்களைப் பக்கம் போனது. அங்கே வாசலில் எக்ஸ்பிரஸும் ரேடியோவும் நின்றிருந்தார்கள். அக்கா திரும்பியதும் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீங்க குளிக்கப் போவீங்கல்ல, பத்தே காலுக்கு," என்றான் தம்பி. மெதுவாகச் சொன்னான். "அப்ப அவ உள்ள வந்து எல்லாத்தையும் ஒரு வாட்டி பாப்பா. உப்போ புளியோ, ஏதாவது போட்டுச் சரி பண்ணிடுவா."

"என்னிக்கிலேருந்து?"

"கடை தெறந்த மறுநாள்லேருந்து. மொத நாள் வந்தவங்க அத்தனை பேரும் பாதியில எந்திரிச்சுப் போனாங்கக்கா. நீங்க அப்ப சாமி முன்னாடி உக்காந்திருந்தீங்க. உங்க கிட்ட எப்படிச் சொல்றது? புருஷன விட்டு வந்து ஒரு மாசம்கூட ஆகல. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல."

ஏதோ ஒரு மேசையில் ஒருவர் மோர் கேட்டார். எக்ஸ்பிரஸ் நகரவில்லை.

"அப்ப இருபது வருஷமா நான் சாமிக்கு எச்சிலத்தான் வச்சேனா?"

"எச்சில் எல்லாம் இல்லக்கா. கரண்டிய வாயில வைக்க மாட்டா. கையில ஊத்தித்தான் பாப்பா. சாமி இதுக்கெல்லாம் கோச்சுக்குமா? கோச்சிருந்தா இவ்வளவு நாள் கடை நடந்திருக்குமா?"

"போர்டை எறக்கு."

"அக்கா, புரிஞ்சுதான் பேசறீங்களா? நமக்குச் சோறு போடறதே அந்த போர்டுதான்." கல்லாப் பெட்டியைச் சாத்தினான். "உங்களுக்கும் சேத்துத்தான்."

அவன் கெட்டவன் இல்லை. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவன் முகமே சொன்னது. ஆனால் சொன்னது சொன்னதுதான். அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

"உனக்குத் தெரியுமாடீ?" என்று ரேடியோவைக் கேட்டாள்.

ரேடியோ புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"சேர்ந்த மொத நாளே தெரியும்க்கா. சொல்லக் கூடாதுன்னு முதலாளியம்மா சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நீங்க பத்து பேருக்கு முன்னாடி சாமி படத்தக் காட்டும்போதெல்லாம் நான் குனிஞ்சு காயப் பாத்துக்குவேன்."

"அப்ப எல்லாரும் சிரிச்சிருப்பீங்க."

"சாமி சத்தியமா ஒரு நாளும் சிரிச்சதில்லக்கா. பாவம்னு நெனச்சோம்."

சிரித்திருந்தால் தேவலை என்று தோன்றியது அக்காவுக்கு.

இரண்டு நாள் மேல் அறையை விட்டு அவள் இறங்கவில்லை. கடைக்கு லீவு விட்டு, ரிப்பேர் வேலை என்று வாசலில் அட்டை தொங்கவிட்டார்கள். தம்பி பெண்டாட்டி மகளையும் ஒரு மாசம்கூட ஆகாத பேரனையும் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் காலையில் வந்து இறங்கினாள். பெட்டியைக்கூட வைக்காமல் மாடிப்படி ஏறினாள்.

"அண்ணி, கதவத் தெறங்க."

கதவு திறந்தது. அக்கா கேட்கவேண்டியது நிறைய இருந்தது. ஒன்றைத்தான் கேட்டாள்.

"ஏம்மா, ஒருநாளாவது எங்கிட்டச் சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

"தோணும். உங்களப் பாத்ததும் போயிடும்," என்றாள் தம்பி பெண்டாட்டி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் தூங்காத கண். "அண்ணி, நீங்க பெரியவங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். இருபது வருஷம். தினம் பத்தே காலுக்கு எங்க இருந்தாலும் ஓடி வந்தேன். காச்சல்ல நாக்கு கசந்தப்பவும் வந்து பாத்தேன். எங்கம்மா செத்த அன்னிக்குப் போய்ப் பொணத்துமேல விழுந்து அழுதுட்டு மறுநாள் காலையில திரும்பி வந்தேன். எதுக்கு? இந்த உப்புக்கு. இப்ப மக ஒடம்பு தேறல, பச்சப் புள்ள வீல் வீல்னு கத்துது. விட்டுட்டு வந்திருக்கேன். ஊரே உங்களக் கும்பிடுது. கும்பிடட்டும். எனக்கு அது வேண்டாம். ஆனா அத்தனை பேரும் என் நாக்கு சம்பாதிச்சது அண்ணி. எனக்கு ஒருத்தரும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

யார்மேல் கோபப்படுவது என்று அக்கா தேடினாள். தம்பிமேல் படலாம் என்றால், அவன் இரக்கப்பட்டுச் செய்தது. இவள்மேல் படலாம் என்றால், இவள் அழுகிறாள். சாமிமேல் கோபப்பட அவளுக்குப் பழக்கமில்லை.

"நீ போய்க் குளிச்சுட்டு வா," என்றாள் கடைசியில். "நான் அடுப்புப் பத்த வைக்கறேன்."

வேறு என்ன செய்வாள்? ஐம்பத்தாறு வயது. தெரிந்தது ஒரு வேலை. இப்போது பார்த்தால் அதுவும் முழுசாகத் தெரியாது.

அன்று பத்தே காலுக்கு அக்கா குளிக்கப் போகவில்லை. அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள். தம்பி பெண்டாட்டி முதலில் தயங்கினாள். பிறகு ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து, உள்ளங்கையில் சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள். எவ்வளவு லகுவாகச் செய்தாள்! கூட்டில் இரண்டு கரண்டி வெந்நீர், குழம்பில் கொஞ்சம் புளித்தண்ணீர், பாயசத்தில் ஒரு துளி உப்பு. பாயசத்தில் உப்பு போட வேண்டும் என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு குளித்துவிட்டு வந்து தட்டை வைத்தாள். மணி அடித்தாள். சொல்கிற வார்த்தைகளைச் சொன்னாள். அவை வாயோடு நின்றன.

ஒரு வாரத்தில் கண்ணாடிக் கடைக்காரர் திரும்பி வந்துவிட்டார். "அக்கா கை அக்கா கைதான்," என்று எக்ஸ்பிரஸிடம் சொல்லிவிட்டு இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒருநாள், மத்தியானக் கூட்டம் நெரிகிற நேரம். தம்பி அடுக்களைக்குள் தலையை நீட்டினான்.

"அக்கா, உங்களப் பாக்கணுமாம். ஒரு நிமிஷம் வாங்க."

சுவர் ஓர மேசையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. முன்னால் வைத்த தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கம்மா, வேலை நேரத்துல கூப்பிட்டுட்டேன்," என்றாள் அந்தப் பெண். "கண் ஆபரேஷனுக்கு வந்தோம். அம்மா வெளிய எங்கயும் சாப்பிட மாட்டாங்க. நாப்பது வருஷமா ஓட்டல் படி மிதிச்சதில்ல. நேத்து மத்தியானத்துலேருந்து வெறும் தண்ணி. மாத்திரை போடணும், சாப்பிடாமப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்க போர்டைப் படிச்சுக் காட்டிக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். இப்ப, சமைச்சவ வாயால சொன்னாத்தான் தொடுவேங்கறாங்க."

அந்த அம்மா ஒற்றைக் கண்ணால் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். விரல்கள் மேசை விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தன. பசி நடுக்கம்.

"நீதான் சமைச்சியா?"

"ஆமாம்மா."

"வாய் வைக்கலையே?"

"நான் வைக்கலம்மா."

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த அம்மா விடவில்லை. தன்னைப்போலவே இன்னொருத்தி என்று அக்காவுக்கு அப்போது பட்டது. ஒரு மாசத்துக்கு முன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவளும் இதையேதான் கேட்டிருப்பாள்.

"வேற யாரும்?"

கல்லாவிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கையில் மாத்திரைப் பட்டையோடு அக்காவின் முகத்தையே பார்த்தாள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் வைக்கல. சாமிக்குப் படைச்சதுதான். சாப்பிடுங்கம்மா."

அந்த அம்மா சோற்றைப் பிசைந்து முதல் வாயை வைத்தாள். கண்ணை மூடி மென்றாள். பிறகு இடது கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உப்பு ஒறப்பு எல்லாம் அவன் கணக்கு. நீ புண்ணியம் பண்ணினவ. நல்லா இருப்பே."

அந்தப் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொள்ள அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி நடந்தபோது தம்பி தாழ்ந்த குரலில், "நல்லாச் சொன்னீங்கக்கா," என்றான். அவனுக்கு நிம்மதி. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அக்கா தன் பக்கம் வந்துவிட்டாள் என்ற நிம்மதி.

அடுக்களையில் கூட்டத்துக்காக வைத்த இரண்டாவது பாத்திரம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ரேடியோ ஏதோ கேட்கத் திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் விட்டாள். அக்கா கரண்டியில் குழம்பை எடுத்து ஊதி ஆற்றினாள். கல்லாப் பக்கம் பார்த்துத் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டாள்.

"இந்தா, பாத்துச் சொல்லு. அங்க அந்தம்மா ரெண்டாம் சோறு கேப்பாங்க."

அவள் வந்து உள்ளங்கையை நீட்டினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அரைக் கை உப்பு போடலாம் அண்ணி."

அக்கா போட்டாள்.